மாப்பிள்ளையின் ஸ்கூட்டரும் மாமனாரின் சூரியனும்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனாரின் மனமார்ந்த ஆசிகள். நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். உங்கள் ஸ்கூட்டரும் சௌக்கியம் என்று இதே வரியில் எழுதத்தான் நினைத்தேன், கை வரவில்லை.

வெளியூர் வேலைக்குக் கிளம்பும்போது, "மாமா, முன் கண்ணாடியும் சீட்டும் வெயில் பட்டா வீணாயிடும், பத்திரமா பாத்துக்கோங்க" என்று சாவியைக் கொடுத்தீர்கள். என் பெண்ணைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து ஒரு பல்பு மாட்டக்கூட என்னை நாற்காலியில் ஏற விட்டதில்லை நீங்கள். என்னை நம்பி ஒப்படைத்த முதல் பொருள் இந்த வண்டி. இதிலும் சொதப்பினால் அப்புறம் நான் உங்கள் முகத்தில் எப்படி விழிப்பது?

ஆனால் எனக்கு வெயிலைப் பற்றி என்ன தெரியும்? ஆயுசு முழுக்க தியேட்டரில் படம் ஓட்டியவன். காலைக் காட்சிக்கு ஆபரேட்டர் அறைக்குள் போனால் வெளியே வரும்போது நிலாதான் இருக்கும். ஓய்வு பெற்று, உங்கள் வண்டிக்குக் காவலாக வாசலில் உட்கார்ந்த பிறகுதான் சூரியனை முழுசாகக் கவனித்தேன். அடேயப்பா, என்ன வெளிச்சம் மாப்பிள்ளை! கரண்டு கிடையாது, ஓட்ட ஆள் கிடையாது, இடைவேளை கிடையாது. ஒரு நாள்கூட விளக்கு மங்கி யாரும் விசில் அடித்ததில்லை. வாயைப் பிளந்துவிட்டேன்.

தொழில் புத்தி போகுமா? வெளிச்சத்தை அடைக்கக் கறுப்புத் துணி என்பது எங்கள் வேதம். தியேட்டரில் கழித்துப்போட்ட கறுப்புத் திரையை மடித்து வண்டிக்குப் போர்த்தினேன். மத்தியானம் அதை எடுத்துவிட்டு சீட்டில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த வேகத்திலேயே எழுந்தேன். "கறுப்பு சூட்டை இழுக்கும்னு துணி காயப்போடற எனக்கே தெரியுது, உங்களுக்குத் தெரியலையா?" என்றாள் உங்கள் அத்தை. ரோஷம் வந்துவிட்டது. சாப்பாடு பொட்டலம் கட்டும் வெள்ளித்தாளைச் சமையலறையிலிருந்து எடுத்துவந்து, முன் கண்ணாடியின் உள்பக்கம் முழுக்கச் சுருக்கமில்லாமல் ஒட்டினேன். வெயில் பட்டால் திரும்பிப் போய்விடும் அல்லவா? போயிற்று. நேரே சீட்டுக்குப் போயிற்று.

வளைந்த கண்ணாடி, பளபளக்கும் தாள், வண்டியின் முதுகுப் பக்கமிருந்து வெயில். சீட்டின் நடுவே ஒரு வெளிச்சப் பொட்டு விழுந்தது. மெல்லப் புகைந்தது. எங்கள் புரொஜெக்டரில் விளக்குக்குப் பின்னால் இப்படித்தான் ஒரு குழிக்கண்ணாடி இருக்கும். அந்த மெஷினை இத்தனை பெரிய விளக்கு வைத்து நம் வாசலிலேயே கட்டிவிட்டேன் என்று புரிந்ததும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கையெடுத்துக் கும்பிட்டேன்.

"சீட்டு புகையுது, கும்பிட்டுக்கிட்டு நிக்கறீங்களே மனுஷா!" என்று உங்கள் அத்தை ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினாள். பாதி எனக்கு.

சீட் தைப்பவர் ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்து, "சிகரெட்டா சார்?" என்றார். "இல்லப்பா, சூரியன்" என்றேன். அவர் ஒருமுறை வானத்தை அண்ணாந்து பார்த்தார். பஞ்சும் உறையும் மாற்றி, நீங்களே கண்டுபிடிக்க முடியாதபடி தைத்துக் கொடுத்துவிட்டார். வெள்ளித்தாளைக் கிழித்து எறிந்தாயிற்று. வண்டியை வீட்டுக்குள்ளேயே நிறுத்தி, வெள்ளைப் போர்வை போர்த்தியிருக்கிறேன். இனி ஒரு பொட்டு வெயில் அதன்மேல் படாது. இது உங்கள் அத்தை மேல் ஆணை. மாமா மேல் வைத்த நம்பிக்கையை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

என் பெண்ணுக்கு முத்தங்கள். இருவரும் நிறைந்த ஆயுளோடு, நிழலில் வாழ்க.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் மாடி வீட்டுக்காரர் வந்து, "அதென்னமோ சூரியனையே புடிச்சீங்களாமே, நான் பாக்கலையே சார்" என்று ஏக்கமாகக் கேட்டார். ஆள் வந்து நின்ற பிறகு காட்சியை ரத்து செய்து எனக்குப் பழக்கமில்லை. புதுத் தாள் ஒட்டி, ஒரே ஒரு காட்சி ஓட்டினேன். தெருவே கைதட்டியது. வரும்போது ஒரு சீட் வாங்கி வாருங்கள். முன் கண்ணாடியும்தான், சூட்டில் அது நெளிந்துவிட்டது. கிடைத்தால் கொஞ்சம் பெரிய கண்ணாடியாகப் பாருங்கள் மாப்பிள்ளை, பின்வரிசைக்காரர்களுக்குச் சரியாகத் தெரியவில்லையாம்.