தாய்மாமனுக்குப் போன மெயில்

"மாமா, உங்க அழைப்பு ஸ்பேம்ல கிடந்துச்சு லா! லாட்டரி விழுந்துச்சுன்னு வர்ற மெயிலுக்கு நடுவுல!"

சிரம்பானிலிருந்து அக்கா மகன் தர்மராஜ் போனில் சிரித்தான். நல்லசாமிக்குச் சிரிப்பு வரவில்லை. மலேசியாவில் தம்பின் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் புனிதாவின் கல்யாணத்துக்கென்றே புதிதாக மெயில் முகவரி வாங்கி, ஒரே அமுக்கலில் ஊரையே அழைத்திருந்தார்.

"அப்ப என் தம்பிக்கும் போவலையா?" என்றாள் மனைவி வள்ளிநாயகி.

தம்பி முகுந்தன் அம்பாங்கானில் இருக்கிறான். தாய்மாமன் மாலை போடாமல் பெண் மணவறை ஏறுவதா? ஆனால் தீபாவளியன்று பேச்சு முற்றியதிலிருந்து அத்தானும் மச்சானும் முகம் பார்ப்பதில்லை. அதனால்தான் நல்லசாமிக்கு மெயில் அவ்வளவு வசதியாகப்பட்டது.

மறுபடி அனுப்பினார். தலைப்பில் 'அவசரம்' என்று போட்டு, உள்ளே எல்லா எழுத்தையும் சிவப்பாக்கினார். அதுவும் நேரே ஸ்பேமுக்குப் போனது. விடுவாரா? தோட்டப் பள்ளியில் படித்தவர்களின் பழைய முகவரிகளையெல்லாம் தேடிப் பிடித்துச் சேர்த்தார். பாதி திரும்பி வந்தது, மீதிப் பேர் "யார் நீங்க?" என்றார்கள். ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த நாலு பேருக்கும் நின்றுபோனது.

கம்ப்யூட்டர் வேலையிலிருக்கும் புனிதாவின் தோழி ஷாமினி வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அங்கிள், இது நீங்கதான் அனுப்புறீங்கங்கிறதுக்கு அத்தாட்சியே இல்ல. அத மொதல்ல பதியணும். தெரியாதவங்களுக்கு அனுப்பாதீங்க. கொஞ்சம் கொஞ்சமா, பேர் சொல்லிக் கூப்பிடுங்க. யாரோ ஸ்பேம்னு வேற அமுக்கியிருக்காங்க, அதுவும் ஒரு காரணம்."

"எவன் அமுக்குனான்?"

"அது காட்டாது அங்கிள்."

அவள் சொன்னபடியே செய்தார். பதில்கள் வந்து குவிந்தன. முகுந்தனிடமிருந்து மட்டும் ஒன்றும் இல்லை.

"ஒரு எட்டு நேர்ல போயிட்டு வாங்களேன்," என்றாள் வள்ளிநாயகி.

"எதுக்கு? இப்பத்தான் அத்தாட்சியோட போவுதே!"

கல்யாணத்தன்று தாய்மாமன் மாலையை வேறு யாரோ போட்டார்கள். புனிதா மண்டப வாசலையே பார்த்துக்கொண்டு தலை குனிந்தாள்.

மறுநாள் நல்லசாமி போனை எடுத்துக்கொண்டு அம்பாங்கானுக்கே போய்விட்டார். முகுந்தனின் மனைவி ரதி கேட்டைத் திறந்தாள்.

"இத பாரும்மா, எத்தன மெயிலு! ஒண்ணுகூடவா வரல?"

ரதி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"மொத மெயிலே வந்துருச்சுண்ணே. அவருதான் ஸ்பேம்னு அமுக்கிட்டு, 'அத்தான் வெத்தல பாக்கோட வந்து கூப்பிடுவாரு'ன்னு, சீர்த்தட்ட கட்டி வச்சிக்கிட்டு நேத்து முகூர்த்தம் முடியிற வரைக்கும் இந்த கேட்டையே பாத்துக்கிட்டு இருந்தாரு."