முதலாளியின் அண்ணனைக் காப்பாற்றியவர்

"எல்லாரையும் கூட்டி வா. என் அண்ணனைக் காப்பாற்று."

முதலாளி ஆங்கிலத்தில் அனுப்பியிருந்த செய்தியை அச்சக மேலாளர் இப்படித்தான் புரிந்துகொண்டார். 'ப்ரிங் ஆல் சேவ் மை பிரதர்.' நடுவில் ஒரு புள்ளிகூட இல்லை. பதற்றத்தில் விட்டிருப்பார், பாவம்.

அச்சகத்தின் வெள்ளிவிழா விருந்து அன்று மாலை. உறவினர்களையும் ஊழியர்களையும் வேனில் அழைத்து வருவது மேலாளரின் பொறுப்பு. வேலையில்லாமல் அலைந்தவரைக் கூப்பிட்டு வேலை கொடுத்தவர் முதலாளி. அவருக்காக உயிரையே கொடுப்பார். நல்லவேளை, இதுவரை அவர் கேட்டதில்லை.

பதறிப்போய் ஃபோன் செய்தார். எடுத்தது முதலாளியின் மனைவி.

"மேடம், சாரோட அண்ணனுக்கு என்ன ஆச்சு?"

"பேச நேரமில்லை. மெசேஜ்ல இருக்கறபடி உடனே செய்யுங்க!"

வேன் அண்ணன் வீட்டுக்குப் பறந்தது. அங்கே அண்ணன் ஏணியில் நின்று ஜன்னலுக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா! குதிச்சிடாதீங்க!"

"எவன்டா குதிக்கறது?" என்று திரும்பிய அண்ணன், ஏணியோடு செடிகளின்மேல் சாய்ந்தார். கணுக்கால் வீங்கிவிட்டது.

"நல்லாத்தானேய்யா இருந்தேன்!"

"இனிமே பயப்படாதீங்க. காப்பாத்தத்தான் நான் வந்துட்டேனே!"

மருத்துவமனையில் காலுக்குக் கட்டுப் போட்டார்கள். தலையில் ஒரு சிராய்ப்பு. மேலாளர் கெஞ்சியதில் அதற்கும் பெரிதாக ஒரு கட்டு.

வேனில் திரும்பும்போது பெருமை தாங்காமல் அச்சகத்தின் பிழைதிருத்துபவருக்கு ஃபோன் போட்டு, செய்தியைப் படித்துக்காட்டி நடந்ததைச் சொன்னார்.

"ஐயையோ சார்! அந்த 'சேவ்' பழங்காலத்து இங்கிலீஷ். 'தவிர'ன்னு அர்த்தம். அண்ணனைத் தவிர எல்லாரையும் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்கார்! ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. சாரோட மீசை நல்லா இல்லேன்னு அண்ணன் சொன்னதுலேர்ந்து!"

மேலாளர் மெல்லத் திரும்பிப் பார்த்தார். வரக்கூடாத ஒருவர் மட்டும் வேனில் இருந்தார். வரவேண்டிய எல்லாரும் அவரவர் வாசலில் காத்திருந்தார்கள்.

வண்டியைத் திருப்பச் சொல்ல வாயெடுப்பதற்குள் மண்டபம் வந்துவிட்டது.

"எங்கய்யா எல்லாரும்?" என்று சீறிக்கொண்டே வந்து கதவைத் திறந்த முதலாளி, தலைக்கட்டைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"அண்ணே! என்னாச்சு அண்ணே?"

அண்ணன் தம்பியின் முகத்தைப் பார்த்தார். "மீசை நல்லாத்தான்டா இருக்கு."

இருவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். முதலாளி மேலாளரின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "இந்த நன்றியை நான் எப்படிய்யா தீர்ப்பேன்?"

மேலாளருக்கு மனசு உறுத்தியது. முதலாளியின் மனைவியிடம் தயங்கித் தயங்கி ஒப்புக்கொண்டார். "மன்னிச்சிடுங்க மேடம். சார் எழுதினது எனக்குப் புரியலை."

"அவர் எங்கே எழுதினார்? அவர் சொல்லச் சொல்ல அடிச்சது நான்தான்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார் அவர். "அவர் படிச்சா 'தவிர', நீங்க படிச்சா 'காப்பாத்து' - அந்த ஒரு வார்த்தையைத் தேடிப் பிடிக்க எனக்குக் காலைப்பொழுது முழுக்க ஆச்சு!"