படகு ஸ்டீரியோவும் கண்ணாடி அலமாரியும்

எஸ்பத் எல் போர்க்,
செவ்வாய்க்கிழமை.

பெருமதிப்பிற்குரிய மச்சான் ஹாஜ் முத்தவல்லி அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

இவ்விடம் இறைவன் அருளால் நானும், முடிந்த அளவுக்கு என் முழங்கால்களும் நலம். தம்யாத்தில் தாங்களும், வீட்டாரும், ஒன்பது நாளாகத் தங்கள் வீட்டில் கோபித்துக்கொண்டு தங்கியிருக்கும் என் மனைவி, தங்கள் தங்கை இன்ஸாஃபும் நலமாக இருக்க துஆ செய்கிறேன். நடந்ததை அவள் தன் பக்கத்திலிருந்து சொல்லியிருப்பாள். நான் எந்தப் பக்கமும் சாயாமல், நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

நான் ரயிஸாக இருந்து ஓட்டிய மீன்பிடிப் படகை விற்றபோது, வாங்கியவர் எஞ்சினைப் பார்த்தார், வலையைப் பார்த்தார், ஸ்டீரியோவைக் கவனிக்கவில்லை. அதைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அதற்குப் பன்னிரண்டு வோல்ட் போதும். வீட்டுச் சுவரில் வருவது இருநூற்று இருபது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் என் குடும்பம் கவிழ்ந்தது. வரவேற்பறைக் கண்ணாடி அலமாரியில், கல்யாணத்துக்குத் தங்கள் தாயார் கொடுத்த பீங்கான் செட், இன்றுவரை எவரும் ஒரு வாய் டீ குடித்திராத செட் இருக்கிறதல்லவா, அதன் நடுத்தட்டு ஸ்டீரியோவுக்கு அளவெடுத்துச் செய்த மாதிரி இருந்தது. முதலில் படகு பாட்டரியையே கீழே வைத்து, சார்ஜரைச் சுவரில் சொருகினேன். பாட்டு அருமை. நான்காம் நாள் பாட்டரி கசிந்து, கம்பளத்தில் தட்டு அகலத்துக்கு ஓட்டை விழுந்தது. "கம்பளத்துல ஓட்டைங்க" என்றாள். "அதுமேல நாற்காலியப் போடு" என்றேன். இதில் தவறாக என்ன சொன்னேன் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

பிறகு பக்கத்து வீட்டில் குளிர்பெட்டி பழுதுபார்க்கும் ஃபிக்ரி, பழைய கம்ப்யூட்டரிலிருந்து பிடுங்கிய மின்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். "பச்சையையும் கறுப்பையும் சேத்து முறுக்குங்க ரயிஸ், தானா முழிச்சுக்கும்" என்றார். முழித்துக்கொண்டது, ஆனால் மேளம் பலமாக விழும்போதெல்லாம் மயங்கி விழுந்தது. அடுத்து இரும்புக் கட்டி கணக்காக ஒரு டிரான்ஸ்பார்மர் வந்தது. அதில் பாட்டோடு ஓர் உறுமலும் சேர்ந்து வந்தது. "அது கரண்ட்டோட குரல் ரயிஸ், கேக்கக் கேக்கப் பழகிடும்" என்றார் ஃபிக்ரி. சமையலறையிலிருந்து இன்ஸாஃப், "எனக்கு எங்க வீட்டுக்காரரோட குரலே இன்னும் பழகல" என்றாள். கடைசியில் முப்பது ஆம்பியர் பெட்டி ஒன்று கிடைத்தது. உறுமல் போயிற்று, மயக்கமும் போயிற்று. அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

ஆனால் படகில் எல்லாவற்றுக்கும் ஒரே சாவிதான், மச்சான். திருப்பினால் விளக்கு எரியும், மீன் காட்டும் கருவி எரியும், பாட்டும் வரும். வீட்டில் மட்டும் ஏன் விளக்குக்கு ஒன்று, பாட்டுக்கு ஒன்று? ஆகவே ஸ்டீரியோவின் சிவப்புக் கம்பியை வரவேற்பறை விளக்கு சுவிட்சோடு இணைத்தேன். மஞ்சள் கம்பி, நாம் எந்தப் பாட்டில், எவ்வளவு சத்தத்தில் நிறுத்தினோம் என்று நினைவு வைத்துக்கொள்வது. அதற்கு எப்போதும் மின்சாரம் இருக்கும்படி தனியாக விட்டேன். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. இதையெல்லாம் இன்ஸாஃபிடம் விவரமாகச் சொன்னேன். அவள் தூங்கிக்கொண்டிருந்தது பிறகுதான் தெரிந்தது.

அவள் கிளம்பிப் போன அன்று காலை, மொட்டைமாடியில் புறாக்களுக்குக் கூண்டு கழுவும்போது கேட்கட்டும் என்று சத்தத்தை முழுசாக வைத்திருந்தேன். மதியம் விளக்கை அணைத்தேன், அதுவும் அடங்கியது. அஸர் தொழுகைக்குப் பிறகு, தங்கள் அத்தை தஹிய்யாவின் மௌத்துக்குத் துக்கம் விசாரிக்கப் பெண்கள் எட்டுப் பேர் கறுப்பு உடையில் வந்தார்கள். வெயிலுக்காக ஜன்னல்களை அடைத்திருந்ததால் அறை இருட்டு. இன்ஸாஃப் விளக்கைப் போட்டாள். ஸ்டீரியோ எதையும் மறக்கவில்லை. கல்யாணப் பாட்டு, மேளத்தோடு, குலவையோடு வந்தது. காது மந்தமான ஒரு மூதாட்டி மட்டும் தாளம் போட்டாராம். இன்ஸாஃப் விளக்கை அணைக்காமல் அலமாரிக்கு ஓடி, கைக்குக் கிடைத்த பொத்தானையெல்லாம் அமுக்கியிருக்கிறாள். மேள அதிர்வில் ஆறு கோப்பைகள் நகர்ந்து நகர்ந்து விளிம்புக்கு வந்து விழுந்தன. நான் அப்போது மாடியில் இருந்தேன். சத்தம் சுத்தமாக இருக்கிறதே என்று திருப்திப்பட்டுக்கொண்டிருந்தேன்.

இறங்கி வந்தபோது பெண்கள் போய்விட்டிருந்தார்கள். "இது வீடுங்க. உங்க படகு இல்ல. நான் உங்க கூலியாளும் இல்ல" என்றாள், சத்தம் போடாமல். நான், "ஸ்டீரியோவுக்கு ஒண்ணும் ஆகலியே?" என்று கேட்டேன். வேறு எதையாவது முதலில் கேட்டிருக்கலாம் என்று ஃபிக்ரி அபிப்பிராயப்படுகிறார்.

கோபித்துப் போன மனைவியைக் கணவன் இரண்டு பெரியவர்களோடும் ஒரு தட்டு பஸ்பூஸா இனிப்போடும் போய் அழைத்து வருவது வழக்கம்தான். அது தவறு செய்தவனுக்கு. நான் வருவதாக இல்லை. அவளுக்கு வழி தெரியும், கால் மணிக்கு ஒரு வண்டி ஓடுகிறது. அவசரமும் இல்லை. மத்தி மீன் நானே பொரித்துக்கொள்கிறேன். வீடு அமைதியாக இருக்கிறது. பாட்டும் தடையின்றி ஓடுகிறது.

குழந்தைகளுக்கு என் முத்தங்கள். தங்கள் ஆயுளையும் வியாபாரத்தையும் இறைவன் செழிக்கச் செய்வானாக.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன்,
ரயிஸ் ஷலபி.

பின்குறிப்பு: மச்சான், ஒன்பது நாளாக நான் அந்த ஸ்டீரியோவைப் போடவே இல்லை. ஒரே ஒருமுறை போட்டேன். "குறைச்சு வைங்க" என்று சொல்ல ஆள் இல்லாததால் எவ்வளவு சத்தத்தில் கேட்பது என்றே தெரியவில்லை, அணைத்துவிட்டேன். அவள் இல்லாமல் என்னால் முடியவில்லை. பெரியவர்கள் யாரும் என்னோடு வரச் சம்மதிக்கவில்லை. ரொட்டி வாங்க உங்கள் பால்கனியிலிருந்து கயிற்றில் கூடை இறக்குவார்களே, அதில்தான் இந்தக் கடிதத்தையும் பஸ்பூஸாவையும் வைக்கிறேன். மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டு, இந்தப் பின்குறிப்பை மட்டும் அவளிடம் கொடுங்கள். நான் கீழே நிற்கிறேன்.