முள்ளங்கிக்கு மட்டும் ஒரு டிரைவர்

"நான் பயன்படுத்துகிறேன். நீக்க வேண்டாம். இப்படிக்கு, முள்ளங்கி."

மடிக்கணினியில் இப்படியொரு புனைபெயரில் வந்து விழுந்த மெயிலைப் பார்த்ததும் நம்மவருக்குத் தலை சுற்றியது.

பதினொரு வருடமாக, ஒரு பழைய கம்ப்யூட்டர் சில்லுக்கான வோல்டேஜ் ரெகுலேட்டர் டிரைவரை அவர்தான் தனியாளாகப் பராமரித்து வருகிறார். கம்ப்யூட்டரை இயக்கும் மூல நிரலான கர்னலுக்குள் உட்கார்ந்துகொண்டு, எந்தப் பாகத்துக்கு எப்போது எத்தனை வோல்ட் போகலாம் என்று பார்த்துக்கொள்ளும் குட்டி நிரல் அது. குட்டிதான், ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஒன்றைக்கூட அவருக்கு மிச்சம் வைத்ததில்லை.

"இந்த மாசத்தோட அதுக்குத் தலைமுழுகுங்க. இல்லேன்னா நான் அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்" என்று மனைவி கறாராகச் சொல்லிவிட்டாள். அதனால்தான், "இதை யாரும் பயன்படுத்துவதில்லை, நீக்கிவிடலாம்" என்று உலகத்துக்கே மெயில் போட்டிருந்தார். ஆனால் கர்னல்காரர்களின் வழக்கம் பொல்லாதது. ஒரே ஒரு ஆள் கையைத் தூக்கினாலும் டிரைவரை நீக்க முடியாது.

மெயிலில் பின்குறிப்பு வேறு இருந்தது. "புதுக் கர்னலில் முப்பதே விநாடியில் மின்சாரம் நின்றுவிடுகிறது. கவனிக்கவும்."

"ஏங்க, குழாயில சொட்டுத் தண்ணி இல்ல!" முகம் நிறைய சோப்போடு மனைவி எட்டிப் பார்த்தாள். "மாடி வீட்டுக்காரர்கிட்ட போய்க் கேளுங்க."

"இரும்மா, இங்க ஒருத்தன் என் உயிரை வாங்கறான்."

கோளாறு என்னவென்று உடனே புரிந்துவிட்டது. யாரும் தன்னுடையது என்று சொல்லாத மின்சாரத்தைக் கர்னல் தானாகவே அணைத்துவிடும். 'இது எப்போதும் எரியட்டும்' என்று ஒரு வரி சேர்த்து அனுப்பினார். முள்ளங்கியோடு விவகாரம் தீர்ந்தது என்று நிம்மதியாகச் சாப்பிட்டார்.

மறுநாள் காலையில் பதில் வந்தது. "இப்போது அணையவே மாட்டேன் என்கிறது."

"தண்ணித் தொட்டி வழிஞ்சு வாசல்ல ஆறா ஓடுது! என் செருப்பு மிதக்குது!" என்று மனைவி கத்தினாள். "கம்ப்யூட்டர் போர்டு வெச்சுத் தானா ஓடற மோட்டாராம். மாடி வீட்டுக்காரர் புதுசா மாட்டியிருக்காராம். பெருமை வேற."

"எந்த அரைவேக்காடு எழுதின புரோகிராமோ!" நம்மவர் மாடியைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "ஒரு மோட்டாரை நிறுத்தத் தெரியல. இவனையெல்லாம் கம்ப்யூட்டர் பக்கமே விடக்கூடாது!"

திட்டிய சூட்டோடு சூடாக இரண்டாவது திருத்தத்தை எழுதினார். வேலை முடிந்து இரண்டு நிமிடம் பொறுத்து அணையவேண்டும். 1,20,000 மில்லி விநாடி என்று எழுதவேண்டிய இடத்தில், அவசரத்தில் மூன்று சைபர் விட்டுப்போனது.

"நிமிடம் முழுவதும் எரிகிறது, அணைகிறது, எரிகிறது, அணைகிறது. பயமாக இருக்கிறது" என்று எழுதியது முள்ளங்கி.

அன்று வீட்டு மோட்டாருக்கும் விக்கல் பிடித்துக்கொண்டது. குழாயெல்லாம் இருமியது, சுவரெல்லாம் அதிர்ந்தது. மனைவி பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கிப் புடவைகளை அடுக்க ஆரம்பித்தாள்.

கத்தியிருந்தால்கூடப் பயந்திருக்க மாட்டார். இருபது வருடத்தில் அவள் அந்தப் பெட்டியை இறக்கி அவர் பார்த்ததில்லை. அவள் இல்லாத வீட்டை நினைத்ததும் ஓடிப்போய்ப் பெட்டியின் மூடியைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரே ஒரு நாள் குடு. அந்த டிரைவரை ஒழிச்சுக் கட்டறேன்."

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும்தான்" என்றாள், புடவையை மடித்துக்கொண்டே.

நிரலைத் திருத்தினால்தானே வம்பு, ஆளையே திருத்திவிடலாம் என்று முடிவுகட்டினார். "அன்புள்ள முள்ளங்கி அவர்களே, வேறு சில்லு வைத்த புத்தம்புது போர்டு ஒன்று அனுப்புகிறேன். பழையதைத் தூக்கி எறியுங்கள். கூரியர் கம்பெனியின் பக்கத்தில் உங்கள் விலாசத்தை நிரப்பினால் போதும்" என்று குழைந்து எழுதினார்.

"தங்களைப் போன்ற தங்கமான மனிதரை நான் பார்த்ததே இல்லை" என்று பதில் வந்தது. கூடவே டிரைவரை நீக்கச் சம்மதமும் வந்தது.

மறுநாள் பதினொரு மணிக்குக் கூரியர்காரர் வாசலில் நின்றார். மனைவி பெட்டியை மறுபடி பரணில் ஏற்றிக்கொண்டிருந்தாள். நம்மவர் பார்சலை வெற்றிப் புன்னகையோடு நீட்டினார்.

கூரியர்காரர் விலாசச் சீட்டை ஒட்டினார். அதைப் படித்தார். கதவு எண்ணைப் பார்த்தார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு கேட்டார்:

"ஏன் சார், மாடி வீட்டுக்குக் குடுக்கறதுக்கு எதுக்கு சார் கூரியர்?"