வெயிலில் முளைத்த விரல்கள்

பெண் பார்க்கப் போகிறவர்கள் பூவும் பழமும் கொண்டுபோவார்கள். சட்டைப் பையில் சில்வர் நைட்ரேட் குப்பி கொண்டுபோன ஒரே மாப்பிள்ளை நானாகத்தான் இருப்பேன்.

தொண்ணூறுகளின் நடுவில், துடியலூர்ப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் தண்ணீர் சோதிப்பது என் வேலை. பெண் வீடு தொண்டாமுத்தூரில். கிணற்று நீர் உப்புக் கரிக்கிறது என்று பெண்ணின் அப்பா ஒரு பேச்சுக்குச் சொல்லியிருந்தார். விடுவேனா? (அம்மா ஜாதகத்தை நம்பினாள், நான் குப்பியை.)

கண்ணாடி டம்ளரில் கிணற்று நீரை வாங்கிச் சில சொட்டு விட்டேன். தெளிந்த நீருக்குள் வெள்ளையாக ஏதோ புகைந்து, சுருண்டு, மெல்ல அடியில் போய் உட்கார்ந்தது. எல்லாரும் டம்ளரை எட்டிப் பார்த்தார்கள்.

"உள்ள என்னங்க அது?" என்றார் பெண்ணின் அப்பா, டம்ளரைத் தொடாமல்.

"உப்பும் வெள்ளியும் சேந்துருச்சுங்க மாமா. இனி எவ்வளவு தண்ணி ஊத்துனாலும் கரையறது கஷ்டமுங்க." (பெண்ணையே இன்னும் காட்டவில்லை, அதற்குள் மாமா!)

அந்தக் களிப்பில் பெண்ணின் அக்காவுடைய கைக்குழந்தையைக் கன்னத்தில் கிள்ளிக் கொஞ்சினேன். அக்கா அதை வாசல் வெயிலுக்குத் தூக்கிப்போனாள்.

சற்று நேரத்தில் அக்காவின் அலறல். குழந்தையின் கன்னத்தில் சாம்பல் நிறமாக ஒரு விரல் தடம். பிறகு இன்னொன்று. நாங்கள் பார்க்கப் பார்க்கவே இரண்டும் கறுத்துக்கொண்டு வந்தன, கண்ணுக்குத் தெரியாத யாரோ பக்கத்தில் நின்று கிள்ளுவதுபோல. குழந்தையோ ஆளில்லாத மூலையைப் பார்த்துச் சிரித்தது. சோப்பு, சீயக்காய், தேங்காயெண்ணெய் எதற்கும் தடம் அசையவில்லை.

"காத்துக் கருப்பு தொட்டுப்போட்டதுங்க! இவிங்க வந்த நேரஞ் சரியில்ல. இந்தச் சம்பந்தமே வேண்டாமுங்க," என்றாள் பெண்ணின் அம்மா.

எனக்கும் முதுகு சில்லிட்டது. நடுங்கிய கையைக் குனிந்து பார்த்தால், என் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் கருப்பு. குப்பி கசிந்திருக்கிறது! வியர்வையிலும் உப்பு உண்டு, அதிலும் அதே வெள்ளைப் படிவு விழும், வெயில் பட்டால் கறுக்கும். (வேதியியல் பட்டதாரிக்கு இதெல்லாம் அப்போதுதான் நினைவுக்கு வருகிறது.)

கையைப் பைக்குள் ஒளித்தேன். அந்த நேரம் பார்த்துப் பெண் காப்பியோடு வந்தாள். இடக்கையை நீட்டினேன். என் அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஏனுங்க, சோத்துக்கையக் காட்டுங்க," என்றாள் பெண்.

காட்டினேன். குழந்தையைத் தூக்கிவந்து என் விரல்களைக் கன்னத்தோடு ஒட்டிப் பார்த்தாள். அச்சாகப் பொருந்தின.

அவள் அப்பா பெருமூச்சு விட்டார். "பேயின்னாக் கூட ஓட்டிப்போடலாம் அம்மணி. இவர என்ன பண்றது?"

"நம்ம எல்லாரையும்விட இவருதானுங்கப்பா அதிகமா நடுங்குனாரு. ஒண்ணும் பண்ண மாட்டாரு. இருந்துட்டுப் போகட்டும்."

இருந்துவிட்டேன். கறை தோலோடு போக இரண்டு வாரமானது. கேலிப் பேச்சு மட்டும் போகவில்லை. அந்தக் குழந்தைக்கு இப்போது குழந்தை. பார்க்கப் போனபோது, அவள் என்னைத் தொட்டில் பக்கமே விடவில்லை.

"சித்தப்பா, மொதல்ல ரெண்டு கையையும் வெயில்ல காட்டிப்போட்டு வாங்க!"

வாசலில் கையை விரித்தபடி நின்றேன். அன்றைக்கென்று பார்த்து மேகமூட்டம்.