பிராஸ்பெக்டஸ் சனியைப் பார்க்கப் போன கதை

திருவனந்தபுரத்தில் டிகிரி படித்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கலாம். ஆனால் ஒரு கல்லூரியை எலும்பைக்கூட மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு முடித்தவள் ஒருத்திதான். அவள் என் ஹாஸ்டல் ரூம்மேட். பெற்றவர்கள் வைத்த பெயர் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது மட்டும் காதில் விழும். மற்ற நேரமெல்லாம் அவள் எங்களுக்கு 'பிராஸ்பெக்டஸ்'.

அட்மிஷன் அன்று கல்லூரியில் என்னென்ன வசதி உண்டு என்று பட்டியல் போட்டு வழவழவென்று ஒரு புத்தகம், அதாவது பிராஸ்பெக்டஸ், கொடுப்பார்கள். நாங்களெல்லாம் அதில் ஃபீஸ் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பழைய பேப்பரோடு போட்டுவிட்டோம். இவள் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தாள். படித்ததோடு விட்டிருந்தால் பரவாயில்லை. நம்பினாள்.

அவள் வீடு போனக்காட்டுப் பக்கம் மலையில். அப்பா, அம்மா இரண்டு பேருக்கும் தேயிலைத் தோட்டத்தில் வேலை. அவர்கள் லயத்து வீடுகளிலிருந்து காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் இவள்தான். "மூணு வருஷம்தான்டீ. அதுக்கப்புறம் நம்மளை யாரு கூப்பிட்டு டென்னிஸ் ஆடச் சொல்லப் போறா?" என்பாள்.

டென்னிஸ் என்றது சும்மா பேச்சுக்கு இல்லை. வந்த முதல் வாரமே எங்கிருந்தோ ஒரு ராக்கெட்டை இரவல் வாங்கிக்கொண்டு கோர்ட்டைத் தேடிப் போனாள். கோர்ட் இருக்க வேண்டிய இடத்தில் வாட்ச்மேன் சேட்டன் போட்ட மரவள்ளி, அவர் பாஷையில் கப்பை, ஆளுயரத்துக்கு நின்றது.

"எந்தா மோளே?"

"டென்னிஸ் விளையாட வந்தேன் சேட்டா."

"இது கப்பயாணு!"

"தெரியுது. ஆனா புஸ்தகத்துல கோர்ட்டுன்னு போட்டிருக்கே."

விஷயம் பிரின்சிபால் அறை வரை போனது. கிழங்கைப் பிடுங்கும்படி உத்தரவானது. அன்று ஹாஸ்டலில் எல்லோருக்கும் கப்பையும் மீன் கறியும். டென்னிஸ் எங்களில் யாருக்கும் கடைசி வரை வரவில்லை. கப்பை நன்றாக வெந்திருந்தது.

அடுத்தது ஜெர்மன் வகுப்பு. ரிட்டயரான சார் ஒருவர் புதன்கிழமை தோறும் வந்து, காலி அறையில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து பேப்பர் படித்துவிட்டுப் போவார். இவள் உள்ளே நுழைந்ததும், நாற்காலி எடுக்க வந்திருக்கிறாள் என்று நினைத்து எழுந்து நின்றாராம். ஜெர்மன் படிக்க வந்தேன் என்றதும் பாவம், மனுஷர் சாக்பீஸைத் தேடித் தேடி மேஜையையே புரட்டிவிட்டார். ஒரே ஒரு மாணவி என்றால் அவர் மனசு வருத்தப்படும் என்று மறுவாரம் என்னையும் தரதரவென்று இழுத்துப் போனாள். அதனால் 'என் மாமா வீட்டில் பெரிய ஜன்னல் இருக்கிறது' என்று இன்றைக்கும் என்னால் ஜெர்மனில் சொல்ல முடியும். சொல்ல வேண்டிய சந்தர்ப்பம்தான் வரவில்லை.

இப்படி ஒவ்வொன்றாக முடித்து மூன்றாம் வருஷம் வந்தபோது ஒன்றே ஒன்று பாக்கி நின்றது. டெலஸ்கோப். பிசிக்ஸ் கட்டடத்து மொட்டை மாடியில் ஒரு கூண்டு அறையில் பூட்டிக் கிடந்தது அது. இதில் மட்டும் அவள் விளையாடவில்லை. "எங்க மலையில எப்பவும் மஞ்சுதான்டீ. வானமே ஒழுங்காத் தெரியாது. ஸ்கூல் புஸ்தகத்துல சனியோட வளையத்தைப் பார்த்ததுலேர்ந்து ஒரே ஆசை. ஒரு தடவை என் சொந்தக் கண்ணால பாக்கணும். இங்க விட்டா இனி எங்க பாப்பேன்?" என்றபோது அவள் குரலே வேறாக இருந்தது.

பிசிக்ஸ் டீச்சருக்குக் காட்டுவதில் சந்தோஷம்தான். சிக்கல் வேறு இடத்தில். ஹாஸ்டல் கேட் ஆறரைக்கு மூடும். சனி அதற்குப் பிறகுதான் தெரியும். அதாவது, பெண்கள் படிக்கிற கல்லூரியில் ஒரு டெலஸ்கோப் வாங்கி வைத்துவிட்டு, அதில் ஏதாவது தெரிகிற நேரத்தில் பெண்களை எல்லாம் உள்ளே வைத்துப் பூட்டியிருந்தார்கள். இத்தனை வருஷத்தில் இது யாருக்கும் உறைக்கவில்லை என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

வார்டன் டீச்சரிடம் போய் நின்றோம்.

"பகல் சமயத்து பார்த்தா போரே?" பகலில் பார்த்தால் போதாதா என்று கேட்டார்.

"பகல்ல சூரியன் மட்டும்தான் டீச்சர் தெரியும்."

"அது மதி" என்றார் டீச்சர். அதுவே போதும் என்று ஃபைலை மூடிவிட்டார்.

பிராஸ்பெக்டஸ் விடுவாளா? ஹாஸ்டல் விதிகளையும் உட்கார்ந்து படித்தாள். லோக்கல் கார்டியன் நேரில் வந்து கையெழுத்துப் போட்டுக் கூட்டிப் போனால் எட்டு மணி வரை வெளியே இருக்கலாம். அவளுக்கு இந்த ஊரில் யாரும் இல்லை. எனக்குச் சாலை பஜாரில் அரிசி மண்டி வைத்திருந்த சித்தப்பா ஒருவர் இருந்தார். கல்யாணம், சாவு இரண்டுக்கும் தவிர கடையை விட்டு இறங்காத மனுஷர். இவள் நேரே போய் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"சனியைப் பாக்கவா?" சித்தப்பா பதறிவிட்டார். "எனக்கு ஏழரை நடக்கு மக்ளே. அவன் என்னைப் பாக்கது போதாதுன்னு நான் வேற போயி அவனைப் பாக்கணுமா?"

"அவரு மட்டும்தானே உங்களைப் பாத்துக்கிட்டு இருக்காரு? ஒரு தடவ நீங்களும் நேருக்கு நேர் பாத்துருங்க சித்தப்பா."

எந்த ஜோசியரும் சொல்லாத பரிகாரம். சித்தப்பா யோசித்தார். "வெள்ளிக்கிழமை வாறேன்" என்றார்.

அதற்குள் ஹாஸ்டல் முழுக்கச் செய்தி பரவி, ஊரில் ஆளில்லாத அத்தனை பெண்களும் சித்தப்பாவையே கார்டியனாக எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை புது வேட்டியில் வந்து நின்றவரை வார்டன் டீச்சர் ஏற இறங்கப் பார்த்தார். அவருக்குப் பின்னால் முக்காடு போட்ட மலப்புரத்து ஃபாத்திமா, சிலுவை மாலை போட்ட கோட்டயத்து ஆன்சி என்று பெரிய கூட்டம்.

"நிங்ஙளுக்கு எத்ர சகோதரன்மார்?"

சித்தப்பா முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "எல்லாம் அண்ணன் பிள்ளைகதான் டீச்சர். எங்களுக்குக் கொஞ்சம் பெரிய குடும்பம்."

டீச்சர் ரிஜிஸ்டரில் கையெழுத்து வாங்கினார். குடையையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு தானும் கூடவே வந்தார்.

மொட்டை மாடியில் எல்லோரையும் வரிசையில் நிறுத்தியது பிராஸ்பெக்டஸ்தான். முதலில் சித்தப்பா. குனிந்தவர் நிமிரவே இல்லை. கடைசியில், "இத்தினியோண்டு பயலா என்னை இந்தப் பாடு படுத்துகான்?" என்று சிரித்தபடி எழுந்தார். அதன்பிறகு ஒவ்வொருவராகப் பார்த்தோம். ஏற்பாடு செய்தவள் கடைசியில்தான் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஒரு பிடிவாதம். அவள் முறை வந்தபோது, ஓரமாகத் தனியே நின்றிருந்த வார்டனைத் திரும்பிப் பார்த்தாள்.

"டீச்சர், நீங்க பாருங்க."

"எனிக்கு வேண்டா."

"இத்தனை வருஷமா இங்க இருக்கீங்க. ஒரே ஒரு தடவ."

டீச்சர் வேண்டாவெறுப்பாகக் குனிந்தார். "ஈஸ்வரா!" என்றார். பிறகு கண்ணை எடுக்கவே இல்லை. அவர் எடுத்தபோது ஐப்பசித் துலா மழை மேகம் வந்து வானத்தை மூடியிருந்தது. அடுத்த நிமிஷம் கொட்டியது. எல்லோரும் படியிறங்கி ஓடினோம்.

அறைக்கு வந்து தலையைத் துவட்டும்போது எனக்கு அழுகை முட்டியது. வரிசையில் அவளை இழுத்து முன்னால் விட எனக்குத் தோன்றவில்லையே என்று இருந்தது. அவள் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"நீ பாத்தீல்ல? சொல்லு. எப்படி இருந்துச்சு?"

நான் எகனாமிக்ஸ் மாணவி. "சின்னதா இருந்துச்சு. மஞ்சளா. சுத்தி ஒரு வளையம். கறுப்புத் தாள்ல ஸ்டிக்கர் ஒட்டின மாதிரி" என்றேன்.

"இன்னொரு தடவ சொல்லு."

சொன்னேன். "சரி, பாத்தாச்சு" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அதன்பிறகு தினமும் மழை. ஒருநாள் சாயங்காலம் கேட் பூட்டி, விளக்கெல்லாம் போட்ட பிறகு கதவைத் தட்டும் சத்தம். வார்டன் டீச்சர் கையில் டார்ச்சோடு நின்றார்.

"மேகமெல்லாம் மாறிப் போயி. பிசிக்ஸ் டீச்சர் மேலே உண்டு. வா."

பிராஸ்பெக்டஸ் எழுந்தாள், அப்புறம் தயங்கினாள். "டீச்சர், ரூல் இருக்கே. லோக்கல் கார்டியன்..."

"கார்டியன் ஞான்தன்னே" என்றார் டீச்சர்.

பூட்டைத் திறந்து, அவள் கையைப் பிடித்து, டார்ச் வெளிச்சத்தில் டீச்சர் மைதானத்தைக் கடப்பதை நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். அவர்கள் திரும்பி வரும் வரை அங்கேயே நின்றேன்.

அவள் அறைக்குள் வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"நீ சொன்ன மாதிரியேதான்டீ இருந்துச்சு" என்றாள்.

நான் ஒன்றுமே ஒழுங்காகச் சொல்லவில்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அவளைப் போல ஒரு சிநேகிதி எனக்கு அப்புறம் வாய்க்கவில்லை.