சேவலின் தம்பி

“ஐந்தாவது மாடி. கதவு திறக்கிறது,” என்றது சுவருக்கு அந்தப் பக்கமிருந்த லிஃப்ட்.

கணினித் திரையில் பதினெட்டு முகங்கள் நிமிர்ந்தன. நடுவில் இருந்த மேலாளரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

“உங்க கிராமத்துல லிஃப்ட் இருக்கா?”

“மாமனார் ரேடியோ கேக்குறாரு மேடம்,” என்றான் மாப்பிள்ளை.

அவன் கம்பெனி கிராமத்தில் குடியிருப்பவர்களுக்கு மட்டும்தான் வேலை கொடுக்கும். அங்கேயே உட்கார்ந்து சம்பாதித்து அங்கேயே செலவழித்தால் ஊர் பிழைக்கும் என்பது அவர்கள் எண்ணம். மாப்பிள்ளை விண்ணப்பத்தில் எழுதியது, பூட்டிக் கிடந்த பெரியப்பா வீட்டு விலாசம். குடியிருந்தது நகரத்தில், மாமனார் வீட்டுப் பின்னறையில். இரண்டு வருடம் வேலையில்லாமல் அங்கே உட்கார்ந்து சாப்பிட்டவனுக்கு, இந்த வேலை வந்த பிறகுதான் சோறு தொண்டையில் இறங்கியது.

“பேசாம உண்மையச் சொல்லிடுங்க,” என்றாள் மனைவி.

“நீ சும்மா இரும்மா,” என்றார் மாமனார். “முப்பது வருஷம் ஸ்கூல் இன்ஸ்பெக்டரா இருந்தவன் நான். ஆய்வுக்கு வர்றவன எப்படி ஏமாத்துறதுன்னு எனக்குத் தெரியாதா? நான் பார்க்காத ஏமாத்து வேலையா?”

அடுத்த கூட்டத்தில் கதவுக்குப் பின்னால் நின்று, செல்போனில் சேவல் கூவலைப் போட்டுவிட்டார். அது மத்தியானம் மூன்று மணிக்கு, நிமிடத்துக்கு இரண்டு தடவை கூவியது.

“அந்தச் சேவலுக்கு உடம்புக்கு ஏதாவதா?” என்று கேட்டார் மேலாளரம்மா.

“லேசா முடியல மேடம்.”

“ஐயோ பாவம். கம்பெனி செலவுல கால்நடை டாக்டர அனுப்பி வைக்கிறேன்.”

டாக்டர் வந்தால் பூட்டிய வீட்டைத்தான் பார்ப்பார். வேறு வழியில்லாமல் மறுநாள் சேவலைச் சாகடித்தான் மாப்பிள்ளை. இளகிய மனசுக்காரரான மேலாளரம்மா, பதினெட்டுப் பேரையும் ஒரு நிமிடம் மௌனமாக இருக்கச் சொன்னார். செத்த செய்தி மாமனாருக்குத் தெரியாது. வீடு அமைதியாக இருப்பதைக் கண்டு பதறிப்போய், சத்தத்தைக் கூட்டிவைத்துச் சேவலைக் கூவவிட்டார்.

பதினெட்டுத் தலைகளும் மெல்ல நிமிர்ந்தன.

“அது... அதோட தம்பி மேடம்.”

சத்தம் சரிப்படாது, கண்ணால் காட்டினால்தான் நம்புவார்கள் என்று முடிவு செய்த மாமனார், எங்கிருந்தோ ஒரு ஆட்டை இரவல் வாங்கி லிஃப்ட்டில் ஏற்றிக் கொண்டுவந்தார். ஆடு நல்ல ஆடுதான். ஐந்து நிமிடம் மாப்பிள்ளையின் தோளுக்குப் பின்னால் அடக்கமாக நின்றது. ஆறாவது நிமிடம் ஜன்னல் திரையைக் கடித்து இழுத்தது. திரை கம்பியோடு கீழே வந்தது.

“பின்னாடி என்ன அது, அவ்ளோ பெரிய கட்டடம்?”

“தானியக் கிடங்கு மேடம்.”

“பன்னெண்டு மாடியிலயா?”

“இந்த வருஷம் விளைச்சல் ஜாஸ்தி.”

மேலாளரம்மா திரைக்கு அருகே குனிந்தார். பிறகு தணிந்த குரலில் சொன்னார்: “தலைமை ஆபீஸ்லேந்து ஆய்வுக்கு வர்றாங்க. எல்லாரோட வீட்டையும் பார்க்கப் போறாங்க. வியாழக்கிழமை உங்க வீடு. கிராமத்துல இல்லாதவங்களுக்கு அன்னிக்கே கணக்கு முடிச்சிடுவாங்களாம். பார்த்து நடந்துக்குங்க.”

புதன்கிழமை காலை முதல் பஸ்ஸில் கணவன், மனைவி, மாமனார் மூவரும் பெரியப்பா ஊரில் போய் இறங்கினார்கள். பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. பெரியப்பா வீட்டு முற்றத்தில் ஆள் உயரத்துக்குப் புதர். எலி மட்டும் குடும்பத்தோடு இருந்தது.

மாப்பிள்ளை படியில் உட்கார்ந்துவிட்டான். இந்த ஊருக்கென்று வந்த சம்பளத்தில் ஒரு தீப்பெட்டிகூட இந்த ஊர்க் கடையில் வாங்கியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. “நாளைக்கு எல்லாத்தையும் சொல்லிடுறேன்,” என்றான். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். மாமனாருக்கே யோசனை ஏதும் வரவில்லை.

ஆடுகளை ஓட்டிக்கொண்டு போன ஒரு அம்மாள், மூவரையும் ஏற இறங்கப் பார்த்தாள்.

“ஆய்வுக்கா?”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“இந்த வாரம் முழுக்க இதே வேலைதானேப்பா. அந்தக் கம்பெனி நல்லா இருக்கட்டும், அதால எங்க ஊரே பொழைக்குது. புதர வெட்ட ரெண்டு ஆள், கட்ட மாடு, அது திங்க வைக்கோல், ‘இவர சின்ன வயசுலேந்து தெரியும்’னு சொல்ல நாலு பெரியவங்க. எல்லாம் நாங்களே பார்த்துக்குவோம்.”

மாமனார் முகத்தில் உயிர் வந்தது. “அப்ப இந்த ஆடெல்லாம் எங்களுக்கே வச்சிருங்கம்மா.”

“நாளைக்குப் பொழுதோட திருப்பிக் குடுத்துரணும்,” என்றாள் அவள். “வெள்ளிக்கிழமை உங்க மேலாளரம்மாவுக்கு ஆய்வு. ஆடு, மாடு, அவங்க பொறந்து வளர்ந்த வீடு எல்லாம் போன மாசமே சொல்லி வச்சிட்டாங்க.”